அலகும் அளவும்: மடக்குக் கத்தியின் நீளம் எது?

தமிழில் அலகு என்னும் சொல்லுக்குப் பொருள் பல. பறவையின் மூக்கை அலகு என்கிறோம். கத்தியின் இரும்புத் தகட்டையும் அலகு என்கிறோம். ஒன்றை அளப்பதற்கு அடிப்படையாகக் கொள்ளும் அளவைக்கும் அதே பெயர்தான். அடி ஓர் அலகு. அங்குலம் ஓர் அலகு. மீற்றர் ஓர் அலகு. வெட்டும் கருவிக்கும் அளக்கும் கருத்துக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது மொழியின் தற்செயலாக இருக்கலாம். ஆயினும், கத்தியின் அலகை அளக்கப் புகுவோர்க்கு அச்சொல் ஒரு கேள்வியை நினைவூட்டுகிறது. அலகின் நீளம் இவ்வளவு என்று ஒருவர் கூறும்போது, அவர் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் அளந்தார்?

கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றும். கத்தியின் நீளத்தை அளக்க ஓர் அடிமட்டம் போதாதா என்று எவரும் வினவலாம். ஆனால், ஒரே தொழிற்சாலையில் ஒரே பெயரோடு வெளிவந்த இரு மடக்குக் கத்திகளை இருவர் அளந்தால் இருவேறு எண்கள் வருவது உண்டு. ஒரே கத்தியை அளந்த இருவருங்கூட வேறு வேறு விடை கூறுவர். இருவரும் பொய் சொல்லவில்லை. அடிமட்டத்திலும் பிழை இல்லை. அவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

அம்பாறைக் கரையோரத்து ஊர்களில் கத்திக்குப் பஞ்சமில்லை. அட்டாளைச்சேனையை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல்; மேற்கே வயல். கதிர் அறுக்கத் தாக்கத்தி, பற்றை வெட்டக் காட்டுக்கத்தி, மீன் அறுக்க ஒரு கத்தி, தேங்காய் உரிக்க வேறொன்று என, வேலைக்கு ஒரு கத்தியாக வீடுகளில் இருக்கும். இவற்றுக்கெல்லாம் பெயர் வந்தது செய்யும் வேலையினால், அளவினால் அன்று. கம்மாலைக்குப் போய்க் கத்தி அடிப்பிக்கிறவர், கையை விரித்துச் சாண் காட்டுவார். விரலை வைத்து அகலம் சொல்லுவார். பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்பது பழைய கணக்கு. ஆனால் யாருடைய விரல், யாருடைய சாண் என்று கேட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறும். கொல்லர் அடித்த இரு கத்திகள் அளவிலே ஒன்றாய் இருப்பதில்லை. இருக்கவேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. வாங்குபவர் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்குகின்றார். அங்கே கண்ணும் கையும் அளவுகோலாகின்றன.

தொழிற்சாலைக் கத்தியின் நிலை வேறு. அதை வாங்குபவர் பெரும்பாலும் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குகின்றார். எனவே அந்த எண் எதனைக் குறிக்கின்றது என்பது அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

மடக்குக் கத்தியை நம் மக்கள் வில்லுக்கத்தி என்றும் கூறுவர். பிடியின் உள்ளே ஒரு வில்லு இருந்து, அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்துக்கொள்வதால் வந்த பெயர் அது. இவ்வகையில் உருவத்தாற் பெரியது வேட்டை மடக்குக் கத்தி. காட்டுக்குச் செல்வோர் உறையில் இட்ட நீண்ட கத்தியை இடுப்பிலே கட்டிக்கொண்டு நடப்பது சிரமம். அதே வேலையைச் செய்யவல்ல வலிமையோடு, மடக்கி வைத்துக்கொள்ளக்கூடிய கத்தி இருந்தால் நன்று என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது இது. இன்று இக்கத்தியை வைத்திருப்போரிற் பலர் வேட்டைக்குப் போவதில்லை. இலங்கையிலே 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தி வந்திருக்கின்றது. எனினும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தோணியிற் கயிறு அறுக்கவும், வயலிலே சாக்கு அவிழ்க்கவும், தோட்டத்திலே கிளை நறுக்கவும் வேட்டைக் கத்தி உதவுகின்றது.

இக்கத்தியின் வரலாற்றில் மூன்று பெயர்கள் அடிக்கடி பேசப்படும். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கேஸ் நிறுவனம் 1889ஆம் ஆண்டிலே தொடங்கியது. அதன் மடிப்பு வேட்டைக் கத்திக்கு 65 என்பது உருவ எண். கத்தியின்மீது 6265 என்று பொறித்திருந்தால், முதல் எண் பிடி செய்த பொருளையும், இரண்டாம் எண் அலகுகளின் தொகையையும், எஞ்சிய 65 உருவத்தையும் குறிக்கும். அதாவது, எலும்புப் பிடியும் இரண்டு அலகும் உடைய வேட்டைக் கத்தி அது. அடுத்தது அதே நாட்டின் பக் நிறுவனம். 1960களின் முற்பகுதியில் அது வெளியிட்ட 110ஆம் இலக்கக் கத்தி, பித்தளை முனைகளும் மரப்பிடியும், அலகு திறந்தவுடன் பூட்டிக்கொள்ளும் அமைப்பும் கொண்டது. பின்னர் பல தொழிற்சாலைகள் அதனைப் பார்த்துத் தாமும் செய்தன. மூன்றாவது, பிரான்சின் சவோய் மலைநாட்டிலே 1890ஆம் ஆண்டில் யோசப் ஒப்பினல் என்பவர் செய்யத் தொடங்கிய எளிய மரப்பிடிக் கத்தி. 1897ஆம் ஆண்டிலே அவர் 1 முதல் 12 வரை இலக்கமிட்டு ஒரு வரிசையை அமைத்தார்.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் குழப்பத்தின் முதற் காரணம் விளங்கிவிடும். கேஸ் வேட்டைக் கத்தியின் அளவு 5¼ அங்குலம் என்று பட்டியலிற் காணப்படும். அது அலகின் நீளம் அன்று. மூடிய நிலையிற் பிடியின் நீளம். சட்டைப் பைக்குள் அடங்குமா என்பதே வாங்குவோரின் முதற் கேள்வியாக இருந்தமையால், மடக்குக் கத்தியை மூடிய நீளத்தாற் குறிப்பது அமெரிக்க வணிகரின் பழைய வழக்கம். பக் 110 கத்திக்கு மூடிய நீளம் 4⅞ அங்குலம். அலகின் நீளம் 3¾ அங்குலம். இரண்டையும் கூட்டினால் திறந்த நீளம் 8⅝ அங்குலம். ஒரே கத்திக்கு மூன்று எண்கள், மூன்றும் உண்மை. ஒப்பினல் கத்தியின் இலக்கமோ அளவே அன்று. வரிசையில் அதன் இடம். 9ஆம் இலக்கத்தின் அலகு 9 சென்ரிமீற்றர், 10ஆம் இலக்கத்தின் அலகு 10 சென்ரிமீற்றர் என்று இருப்பதைக் கண்டு, இலக்கமே நீளம் என்று கொள்பவர் 8ஆம் இலக்கத்தில் ஏமாறுவர். அதன் அலகு 8½ சென்ரிமீற்றர்.

மடக்குக் கத்தியில் அலகு பிடியைவிடக் குறுகியதாகவே இருத்தல் வேண்டும் என்பதையும் இங்கே கவனிக்கலாம். அலகின் அடிப்பகுதியாகிய வால் பிடிக்குள் ஆணியில் மாட்டப்பட்டிருக்கும். பூட்டுத் தகடு வந்து விழுவதற்கான வெட்டும் அந்த வாலிலேயே இருக்கும். மூடும்போது அலகின் முனை பிடியின் மறுமுனையைத் தொடாமல் உள்ளே அடங்கவேண்டும். இவ்விரு காரணங்களால் பிடியின் நீளம் முழுவதும் அலகுக்குக் கிடைப்பதில்லை.

இனி, அலகை மட்டும் அளக்க முற்படுவோம். முனை எது என்பதில் ஐயமில்லை. மறுமுனைதான் சிக்கல். பிடியின் முன்விளிம்பு வரைக்கும் அளக்கலாம். ஆணியின் மையம் வரைக்கும் அளக்கலாம். தீட்டிய வாய் தொடங்கும் இடம் வரைக்கும் அளக்கலாம். பல கத்திகளிலே பிடியை ஒட்டி ஒரு சிறு துண்டு தீட்டப்படாமல் விடப்பட்டிருக்கும். ஆதலால் வாயின் நீளம் அலகின் நீளத்தைவிடக் குறைவாகவே வரும். ஆணி வரைக்கும் அளந்தால் அது கூடுதலாக வரும். பிடியின் முன்விளிம்பு சரிவாக வெட்டப்பட்டிருந்தால், முதுகுப் பக்கம் அளப்பவருக்கு ஓர் எண்ணும் வாய்ப்பக்கம் அளப்பவருக்கு வேறோர் எண்ணும் கிடைக்கும்.

வேட்டைக் கத்தியின் வாய் நேர்கோடும் அன்று. முனையை நோக்கி அது மேலே வளைந்து செல்லும். அடிமட்டத்தை நேராக வைப்பதா, நூலை வாயின்மேல் ஓட்டி அளப்பதா? நேர் அளவு 9 சென்ரிமீற்றராகவும், நடுவிலே வளைவு 1 சென்ரிமீற்றர் ஆழமாகவும் உள்ள ஒரு வாயை எண்ணிக்கொள்வோம். அதன்மேல் நூலை ஓட்டினால் ஏறத்தாழ 9.3 சென்ரிமீற்றர் வரும். வேறுபாடு 3 மில்லிமீற்றர். கறிக்காய் நறுக்குவோர்க்கு அது ஒரு பொருட்டல்ல. சட்டத்தின் எல்லையில் நிற்பவருக்கு அது பெரிது.

சட்டம் என்றதும் சில நேயர்கள் வியக்கக்கூடும். கத்தியின் நீளத்தைச் சட்டம் அளக்கின்றதா? அளக்கின்றது, நாட்டுக்கு நாடு வேறு விதமாக அளக்கின்றது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பொது இடத்திலே கூரிய கருவியை வைத்திருப்பதைத் தடுக்கின்றது. மடக்குச் சட்டைப்பைக் கத்திக்கு அது விலக்கு அளிக்கின்றது. ஆனால் அதன் அலகின் வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மிகாதிருத்தல் வேண்டும். அளக்கவேண்டியது வாய் என்று இங்கே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம், அரசாங்கக் கட்டடங்களுக்குள் ஆயுதம் கொண்டுவருவதைத் தடுக்கும்போது, 2½ அங்குலத்துக்குக் குறைந்த அலகுடைய சட்டைப்பைக் கத்தியை விலக்குகின்றது. இங்கே பேசப்படுவது அலகு, வாய் அன்று. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகைக் கணக்கில் எடுத்தன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் விஞ்ஞானத்துக்கும் கைத்தொழிலுக்கும் அமைந்தவற்றை அவை விலக்கின. நீளத்தோடு அகலமும் அங்கே அளவாயிற்று.

மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் இங்கே ஒரு நுட்பத்தைக் காணலாம். மிகாத என்பது ஒன்று. குறைந்த என்பது வேறொன்று. சரியாக 3 அங்குல வாயுடைய கத்தி முதற் சட்டத்தின் விலக்குக்குள் அடங்கும், ஏனெனில் அது 3 அங்குலத்துக்கு மிகவில்லை. சரியாக 2½ அங்குல அலகுடைய கத்தியோ இரண்டாம் சட்டத்தின் விலக்குக்குள் அடங்காது, ஏனெனில் அது 2½ அங்குலத்துக்குக் குறையவில்லை. ஒரு சொல்லின் வேறுபாடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம்; மற்றொருவரை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்.

நீளம் ஒன்றே முடிவு செய்வதும் இல்லை. பக் நிறுவனத்தின் 112ஆம் இலக்கக் கத்தியின் அலகு 3 அங்குலம். பிரித்தானிய எல்லைக்குள் அது அடங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால், திறந்தவுடன் பூட்டிக்கொள்ளும் கத்தி அச்சட்டம் கூறும் மடக்குக் கத்தி ஆகாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1990களின் தொடக்கத்திலே தீர்ப்பளித்தது. அளவு பொருந்தியும் அமைப்புப் பொருந்தவில்லை. தொழில் தேடியும் கல்வி தேடியும் கடல் கடந்து செல்லும் நம் இளைஞர், ஊரிலே தீங்கின்றிப் பையில் வைத்திருந்த ஒரு பொருள் வேறு நாட்டிலே குற்றமாகலாம் என்பதை அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒன்றாகவும் நகரத்துக்கு ஒன்றாகவும் இத்தகைய விதிகள் இருந்தும், அவற்றுட் பல எங்கிருந்து அளப்பது என்று கூறவில்லை. இக்குறையைக் கண்டு, அந்நாட்டுக் கத்தித் தொழிலாளரின் சங்கமாகிய அமெரிக்கக் கத்தி, கருவி நிறுவகம் ஒரு முறையை வகுத்தது. அலகின் முனையிலிருந்து, பிடியின் மிக முன்னாக நிற்கும் பகுதி வரைக்கும், நேர்கோட்டில் அளக்கவேண்டும் என்பது அம்முறை. அது சட்டம் அன்று, பரிந்துரையே. எனினும் அதன் சிறப்பு, வேறு வேறு ஆட்கள் அளந்தாலும் ஒரே விடை கிடைக்கும் என்பதில் அடங்கியிருக்கின்றது. வாய் எங்கே தொடங்குகின்றது என்று கூர்ந்து பார்க்கவேண்டியதில்லை; வளைவிலே நூல் ஓட்டவேண்டியதில்லை.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். அளக்கும் முறை ஒன்றாக இருந்தும், ஒரே இலக்கமுடைய இரு கத்திகள் வேறுபடுவது ஏன்? அலகை உருக்குத் தகட்டிலிருந்து அச்சிலே வெட்டி எடுக்கலாம். ஆனால் அதன் பக்கங்களைச் சாணையிலே தேய்த்து, முனையை அமைத்து, வாயைத் தீட்டும் வேலையிற் கைக்குப் பங்கு உண்டு. ஒரு தேய்ப்புக் கூடினால் முனை சற்றுக் குறையும். பல ஆண்டுகள் ஒரே இலக்கத்தில் வெளிவரும் கத்தியிலே உருக்கும் அச்சும் மாறுவதுண்டு. பக் 110 கத்தி தொடக்கத்தில் 440சி என்னும் உருக்கால் ஆனது. பின்னர் 425ஐத் திருத்திய உருக்கும், அதன்பின் 420எச்சி என்னும் உருக்கும் பயன்பட்டன. 1986ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் அலகின்மேல் ஆண்டைக் காட்டும் குறியைப் பொறித்து வருகின்றது. பழைய கத்திகளைச் சேர்ப்போர் அக்குறிகளைப் பார்த்தே காலத்தைக் கணிப்பர். இலக்கம் மாறவில்லை என்பதனாற் கத்தி மாறவில்லை என்று கொள்வது பொருந்தாது.

பயன்பாடும் அளவை மாற்றும். சாணை பிடிக்குந்தோறும் சிறிது இரும்பு போகின்றது. முதலிற் குறைவது அகலம், பின்னர் முனை. நுனி ஒடிந்த கத்தியைத் தேய்த்து மீண்டும் கூராக்கினால் சில மில்லிமீற்றர் ஒரே நாளிற் போய்விடும். எனவே பழைய கத்தியின் அளவு, அதைச் செய்தவரைப் பற்றி மட்டுமன்றி அதை ஆண்டவரைப் பற்றியும் ஏதோ கூறுகின்றது. பட்டியலில் உள்ளதைவிடக் குறைவாக இருப்பதனாலேயே அதைப் போலி என்று ஒதுக்குதல் அவசரமாகும்.

மூன்றாவது காரணம், அலகை அளக்கும் அலகு. நமது பள்ளிகளிலே பிள்ளைகள் சென்ரிமீற்றரிற் படிக்கின்றனர்; தச்சரும் வன்பொருட் கடைக்காரரும் அடியிலும் அங்குலத்திலும் பேசுகின்றனர். 3 அங்குலம் என்பது 76.2 மில்லிமீற்றர். அதனை ஒருவர் 7½ சென்ரிமீற்றர் என்பார், ஒருவர் 7.6 என்பார், மற்றொருவர் 8 என்று முழுமையாக்கிவிடுவார். பின்னர் அந்த 8ஐ வேறொருவர் மீண்டும் அங்குலமாக்கினால் 3⅛ அங்குலத்துக்கு மேல் வந்துவிடும். கத்தி வளரவில்லை, கணக்குத்தான் வளர்ந்தது.

நீளத்தைப் பற்றியே பேசி, தடிப்பை மறந்துவிடலாகாது. ஒரே உருக்கினால் ஆன இரு தகடுகளுள் ஒன்றன் தடிப்பு மற்றதன் தடிப்பைப்போல் இரு மடங்கானால், வளைவை எதிர்க்கும் அதன் வலிமை எட்டு மடங்காகும். 2 மில்லிமீற்றர்த் தகட்டை 3 மில்லிமீற்றராக்கினால் அவ்வலிமை மூன்று மடங்குக்கு மேல் உயரும். ஆனால் தடித்த அலகு ஆப்புப்போல் இறங்கும். மெல்லிய அலகு வழுக்கிச் செல்லும். தோலுரிப்பதற்கும் மீன் அறுப்பதற்கும் மெல்லியதே நன்று. அலகு முனையை நோக்கி மெலிந்து செல்வதால், தடிப்பைச் சொல்பவரும் எந்த இடத்தில் அளந்தார் என்பதைச் சொல்லவேண்டியவராகின்றார்.

இவையெல்லாம் வெளிநாட்டாரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. ஹஜ்ஜுப் பெருநாட் காலத்தில் உழ்ஹிய்யாக் கொடுப்போர் கத்தி வாங்கக் கடைக்குச் செல்கின்றனர். பிராணியை அறுக்கும் கத்தி நன்கு தீட்டப்பட்டிருக்க வேண்டும், அதற்கு வேதனை குறைய வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. மாட்டின் கழுத்துக்கு அலகு குறுகியதாயின், ஒரு முறை இழுக்கவேண்டிய இடத்திற் பல முறை இழுக்க நேரும். கத்தி பத்து அங்குலம் என்று கடையிற் சொல்லக் கேட்டு ஒருவர் வாங்குகின்றார் என்று கொள்வோம். அந்தப் பத்து அங்குலம் பிடியையும் சேர்த்த அளவாக இருந்து, பிடி மட்டும் 4½ அங்குலமானால், எஞ்சும் அலகு 5½ அங்குலமே. விற்றவர் சொன்ன எண் பொய்யன்று. ஆனால் வாங்கியவர் நினைத்த பொருளும் அதுவன்று. அந்த இடைவெளியின் துன்பத்தை வாயில்லாத பிராணி அனுபவிக்கின்றது. அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் அல்முதஃப்பிபீன் என்னும் அத்தியாயம் தொடங்குகின்றது. எண்ணைச் சொல்லி, அது எதன் எண் என்பதைச் சொல்லாமல் விடுவதும் அந்தக் கண்டனத்துக்கு அருகிலே செல்லும் செயல் என்று விற்போர் நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகவே, கத்தி வாங்குவோர் கடையிலே கேட்கவேண்டியவை சில உள. சொல்லும் நீளம் அலகினுடையதா, வாயினுடையதா, மூடிய கத்தியினுடையதா, முழுக் கத்தியினுடையதா என்று முதலிற் கேட்கவேண்டும். முடிந்தால் அடிமட்டத்தை வைத்து, முனையிலிருந்து பிடியின் முன்விளிம்பு வரைக்கும் நேராகத் தாமே அளந்து பார்க்கவேண்டும். மடக்குக் கத்தியாயின் அதை முழுமையாகத் திறந்து, பூட்டு விழுந்ததை உறுதிசெய்தபின், வாய் மறுபக்கம் இருக்கும்படி மேசைமேல் வைத்து அளத்தல் பாதுகாப்பு. தீட்டிய வாயின் நீளம் தேவையாயின் அதனை வேறாகக் குறித்துக்கொள்ளவேண்டும். மில்லிமீற்றரில் எழுதிக்கொண்டால் பின்னங்களின் தொல்லை இல்லை. வெளிநாடு செல்வோர், செல்லும் நாட்டின் சட்டம் எதனை அளக்கின்றது என்பதையும், பூட்டும் கத்தியை அது எவ்வாறு நோக்குகின்றது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவேண்டும். ஐயம் இருப்பின் கத்தியை வீட்டிலே விட்டுச் செல்வதே சிறந்தது.

வகுப்பறையிலும் இதனை எளிதாகச் செய்துகாட்டலாம். கத்தி வேண்டியதில்லை, ஒரு வாழையிலைத் துண்டோ ஒரு மாவிலையோ போதும். அதன் நீளத்தை அளந்து வரும்படி பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால், காம்போடு அளந்தவர் சிலர், காம்பின்றி அளந்தவர் சிலர், நடுநரம்பின் வளைவோடு அளந்தவர் சிலர் என்று விடைகள் பிரியும். யாருடைய விடை சரி என்று பிள்ளைகள் வாதிடுவர். எங்கிருந்து எங்கே என்று முதலிலே சொல்லிவிட்டு மறுமுறை அளக்கச் செய்தால், விடைகள் நெருங்கி வருவதை அவர்களே காண்பர்.